புறாமலையில் சுனை இன்னும் இருக்கிறது

காலை ஏழு மணிக்கு மதுரை மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறினேன். கல்லூரித் தோழி செல்வி முந்தின நாள் போன் செய்திருந்தாள். "நம்ம புறாமலையச் சுரங்கத்துக்குக் குடுக்கப் போறாகளாம்டி. நாளைக்குக் கிராமசபை. நீ வந்து கூட நில்லு ஜரினா, போதும்."

மேலூர் பஸ் ஸ்டாண்டில் அவள் தம்பி பாண்டி ஆட்டோவோடு நின்றான். அவர்கள் ஊர் அங்கிருந்து எட்டு கிலோமீட்டர். நெல்வயல்களைத் தாண்டியதும் மலை தெரிந்தது. முப்பது வருடத்துக்கு முன், கல்லூரி நாட்களில் லீவு விட்டால் நான் இங்கேதான். அம்மா கட்டிக்கொடுத்த பிரியாணியைச் சுனையோரம் பிரிப்போம். நாங்கள் சிரிக்கிற சிரிப்பில் பாறை இடுக்குப் புறாக்கள் கூட்டமாகக் கிளம்பும். வீட்டில் அப்படிச் சிரித்தால் அத்தா அதட்டுவார்.

பதினொரு மணிக்குப் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் சபை கூடியது. "அது அரசுப் புறம்போக்கு. யாருடைய பட்டா நிலமும் போகப்போவதில்லை" என்றார் வந்திருந்த அதிகாரி.

செல்வி எழுந்தாள். "யாருக்கும் பட்டா இல்லாததாலதான் சார் எல்லாரு ஆடும் அங்க மேயுது. அங்க பெய்யுற மழைதான் எங்க கம்மாய்க்கு வருது. மலைய எடுத்துட்டா தண்ணி எங்கிட்டிருந்து வரும்?"

அதிகாரி கையிலிருந்த கோப்பைப் புரட்டினார். சுரங்கம் வேண்டாம் என்ற தீர்மானத்துக்குக் கைகள் உயர்ந்தன. வெளியூர்க்காரியான நான் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு நின்றேன். தீர்மானம் நிறைவேறியது. கை தூக்காத சிலரில் பாண்டியும் ஒருவன். செல்வி அதைப் பார்த்துவிட்டாள்.

மாலையில் நானும் செல்வியும் மூச்சு வாங்க வாங்கச் சுனைக்கு ஏறினோம். தண்ணீர் அதே குளிர்ச்சி.

"மேல இருக்கவங்க இந்தத் தீர்மானத்த மதிப்பாங்களாடி?" என்று கேட்டேன்.

"தெரியல. மறுபடி கேட்டா மறுபடி வேணாம்னுதான் சொல்லுவோம்."

திரும்பும்போது ஆட்டோவில் பாண்டி தானாகப் பேசினான். "எம் மகன் படிச்சிட்டுச் சும்மா கெடக்கான் ஜரினாக்கா. சுரங்கக்காரக வேலை தாரோம்னாக. மலை போகணும்னு எனக்கென்ன ஆசையா?"

"செல்விகிட்டப் பேசு" என்று மட்டும் சொன்னேன்.

மதுரை திரும்பும் வழியில் ஒத்தக்கடையில் பஸ் நின்றபோது யானைமலை மேல் கடைசி வெளிச்சம். சின்ன வயதில் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்தே அது தெரியும். எதிரே அடுக்குமாடி எழும்பி மறைத்துவிட்டது. மறைந்த மலையை இப்படிப் பஸ் ஏறி வந்தாவது பார்த்துக்கொள்ளலாம். வெட்டி எடுத்த மலைக்கு எந்த பஸ் போகும்? ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, அது முழுதும் இருட்டில் கரையும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.