பின்னால் கட்டிய கைகள்

நான் லேப் டெக்னீசியனாக இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வியாழன்தோறும், நோயில் தளர்ந்தவர்களை மறுபடி அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வருவார். மெலிந்த உருவம், தடித்த கண்ணாடி, கைகளைப் பின்னால் கட்டி நிற்கும் பழக்கம். மிடுக்கு என்று நினைத்தேன்.

புதுக்கடைச் சந்தையில் மீன் வெட்டி விற்ற ஒரு அம்மாவுக்குப் பக்கவாதத்தில் வலக்கை தளர்ந்திருந்தது. பயிற்சிக்குக் கொடுத்த பந்தை அவர் வீசி எறிந்தார்.

"இத ஞெக்கினா யாவாரம் நடக்குமாட்டி?"

அடுத்த வியாழன் தெரபிஸ்ட் சாளை மீனும் கத்தியும் கொண்டுவந்தார். டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார். அம்மாவின் பிடியிலிருந்து மீன் வழுக்கிக்கொண்டே இருந்தது.

"பிடிச்சுத் தா மக்கா. மரம் மாதிரி நிக்கியே."

"சந்தையில நான் கூட நிக்க மாட்டேன்லா அம்மா."

வசைமாரிக்கு நடுவே மீனின் தலை துண்டானது. அம்மா அடுத்த மீனை எடுத்தார். அப்போதுதான் தெரபிஸ்ட் பின்னால் கட்டியிருந்த கைகளைப் பிரித்தார். அவருடைய மணிக்கட்டில் அவருடைய விரல்களே சிவப்பாகப் பதிந்திருந்தன.