இறங்காத முள்

ரெட்டியார்பாளையத்துப் பட்டறையில் கொதிகலன் வெல்டிங்கைக் கதிர்வீச்சால் படமெடுக்க ஒருவர் வந்திருந்தார். யாரும் நெருங்காதபடி கயிறு கட்டி, என்னைக் காவலுக்கு வைத்தார்கள். கைப்பிடியைச் சுற்றினால், கதிர்வீசும் சின்ன உலோகத் துண்டு பெட்டியிலிருந்து குழாய்வழியே வெளியே போகும். திருப்பிச் சுற்றினால் உள்ளே வரும். வெளிச்சமோ சத்தமோ கிடையாது. வந்துவிட்டதென்று எப்படித் தெரியும்?

படமெடுத்ததும் கைப்பிடி இறுகும்வரை திருப்பிச் சுற்றினார். கதிர்வீச்சு இருக்கும்வரை முள் ஏறியே நிற்கும் மீட்டரைத் தரையிலேயே விட்டுப் பெட்டியை நோக்கி நடந்தார். எனக்குப் புதியவர்களிடம் பேசக் கூச்சம். ஆனாலும் கேட்டுவிட்டேன்.

“சார், மீட்டரு வாணாமா?”

“அதான் இறுகிடுச்சேண்ணே. நீங்க என்ன இன்ஸ்பெக்டரா?”

“இல்ல சார், முள்ளு எப்படி எறங்குதுன்னு பார்க்கணும்...”

சிரித்துக்கொண்டே திரும்பிவந்து எடுத்தார். முள் இறங்கவே இல்லை.

“துண்டு பாதியிலயே மாட்டிக்கிச்சிண்ணே. கயித்த இன்னும் தள்ளிக் கட்டலாம், வாங்க” என்றவர், எனக்கும் தெரியும்படி மீட்டரைத் திருப்பிப் பிடித்தார்.