எங்கம்மாவுக்கு வந்த அல்சர்

எனக்கு அறுபத்தொன்பது வயது. பெற்றது மூன்று, கொழுந்தனார் பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. என் பேச்சைக் கேட்காததைத் தவிர ஐந்திலும் குறையில்லை. கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கேன்சர் வார்டில் ஆயாவாக இருந்தேன். பெட்பேன் வைப்பது, உடம்பு துடைப்பது, ஷீட் மாற்றுவது வேலை. சம்பளத்தில் சேராத வேலை ஒன்றும் உண்டு: பொய் சொல்வது.

எங்கள் பக்கம் நோயாளியிடம் நோயின் பேரைச் சொல்ல மாட்டார்கள். "ஏனுங்க ஆயா, அம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்க, கட்டின்னு மட்டும் சொல்லியிருக்கறமுங்க" என்று சொந்தக்காரர்கள் வராந்தாவில் கையைப் பிடிப்பார்கள். நானும் கட்டி, புண், வாயு என்று ஆளுக்கொன்று சொல்வேன். டாக்டர்களைவிட அதிகமாக நோய் கண்டுபிடித்தவள் நான்.

வேலையின் கடைசிக் காலத்தில் என் அம்மாவுக்கே கேன்சர் வந்தது. வயிற்றில் தொடங்கி ஈரலுக்குப் போய்விட்டது. சோமனூரில் தறி ஓட்டும் என் தம்பி, "அக்கா, அம்மாளுக்கு அல்சருன்னே இருக்கட்டும்" என்றான். சரி என்றேன்.

அவன் ஃபைலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். பெங்களூர், திருச்சூர், அப்புறம் ஏதோ மலையடிவாரத்தில் மரப்பட்டை கொடுக்கும் வைத்தியர். எங்கம்மா அவினாசியைத் தாண்டாதவள். அவள் ஃபைல் ஊரெல்லாம் சுற்றியது. பெரிய டாக்டர்கள் எல்லோரும் ஒன்றே சொன்னார்கள்: குணமாகாது, கீமோ கொடுத்தால் கொஞ்சம் தள்ளிப்போகும்.

தம்பிக்கு முடிவெடுக்கப் பயம். குலதெய்வக் கோயிலில் பூக் கேட்டான். பூசாரி குலுக்கிப் போட்டு எடுக்கும் பொட்டலத்தில் சிவப்பு அரளி வந்தால் கீமோ, வெள்ளை வந்தால் வேண்டாம். வெள்ளை வந்தது. "பூசாரி சரியாக் குலுக்கலீங்க" என்று மறுபடி கேட்டான். சிவப்பு வரும்வரை கேட்டான். சாமிக்கே சலித்திருக்கும்.

அம்மாவை என் வார்டிலேயே அட்மிட் செய்தோம். "அவங்களுக்குத் தெரியாம மருந்து ஏத்த மாட்டேனுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். தம்பி அம்மாவிடம் போய், "அல்சருக்கு ஒரு ட்ரிப்ஸு போடணுமாம்மா" என்றான்.

அம்மா சுற்றிலும் பார்த்தாள். "ஏண்டா, இந்த மொட்டையெல்லாம் பழனிக்குப் போய்ட்டு வந்ததா?"

அடுத்து என்னைப் பிடித்தாள். "கேன்சர் வார்டு ஆயான்னு ஊரெல்லாம் பெருமை பேசறவ நீ. அதே வார்டுக்குக் கூட்டிட்டு வந்து அல்சருங்கற."

"எப்பம்மா தெரியும்?"

"மொதல்லயே தெரியும். என்ற பையன் மனசு நோகுமேன்னு அல்சராவே இருந்துட்டேன்."

டாக்டரைக் கூப்பிடச் சொன்னாள். "ஏனுங்க டாக்டர், போட்டா என்னாகும், போடாட்டி என்னாகும்? மறைக்காமச் சொல்லுங்க."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். போட்டால் சில மாதம் கூடலாம். அதில் பாதி இங்கேயே போகும். போடாவிட்டால் சீக்கிரம்; ஆனால் வலி வராமல் பார்த்துக்கொள்ளலாம்.

"அப்ப வலிக்கு மட்டும் குடுங்க. நான் ஊட்டுக்குப் போறனுங்க."

தம்பி அழுதான். "செவப்புப் பூ வந்துச்சும்மா."

"அது உனக்கு வந்த பூ. நீயே போட்டுக்க."

மார்ஃபின் மாத்திரையோடு வீட்டுக்குப் போனாள். கோழிச்சாறு கேட்டாள், குடிக்க முடியவில்லை, அதற்கும் மருமகளைத் திட்டினாள். அந்த மழைக்காலம் முடிவதற்குள் தன் கட்டிலிலேயே போய்ச் சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு வராந்தாவில் யார் கையைப் பிடித்தாலும், "பேஷண்டைக் கேட்டீங்களா?" என்று கேட்டேன். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கும் அதைத்தான் சொல்வேன். பெட்பேனையே கேட்டுத்தானே வைக்கிறோம்.

தம்பி இன்னமும், "ஊசி போட்டிருந்தா இன்னொரு தீபாவளி பாத்திருப்பா" என்கிறான். பார்த்திருக்கலாம். எனக்குத் தெரியாது. இப்போதும் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறான். இதுவரை எழுதிய இதைப் பேத்தியிடம் கொடுக்கிறேன்.

"கண்ணு, மொதல்ல இருந்து சத்தமாப் படி. எங்கம்மா டாக்டரக் கேட்ட எடம் வந்தா மட்டும் மெதுவாப் படி. உங்க சோமனூர்த் தாத்தனுக்கு நல்லாக் கேக்கட்டும்."