ஏழுமலை போட்ட முடிச்சு

நேற்று எங்கள் கொல்லையில் போர் மோட்டாரை மேலே ஏற்றினார்கள். மரவள்ளி வாடிக் கிடக்கிறது, குழாயில் காற்றுதான் வருகிறது. இரும்புக் குழாயோடு சேர்ந்து கயிறும் மேலே வந்தபோது சேறும் கிரீசும் கலந்து ஒரு வாடை அடித்தது பாருங்கள், எனக்குக் கடல் ஞாபகம் வந்துவிட்டது. கள்ளக்குறிச்சிக்காரனுக்குக் கடலா என்று சிரிக்காதீர்கள். நானும் சென்னையில் கொஞ்ச காலம் படகு வேலை பார்த்தவன்தான். நீச்சல் மட்டும் கடைசிவரை வரவில்லை.

என்னோடு வந்தவன் மாமன் மகன் ஏழுமலை. ஊரில் போரில் மோட்டார் இறக்குகிற வேலை செய்தவன். பந்தயத்துக்கு ஓடும் சின்னப் பாய்ப் படகுகள் நிற்கும் கொட்டகை ஒன்றில் எங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். கழுவுவது, துடைப்பது, கம்பி பார்ப்பது. பாய்மரம் தானாக நிற்பதில்லை. முன்னால் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாகக் கம்பிகள் அதை இழுத்துப் பிடித்திருக்கும். பழைய பனியன் துணியால் கம்பியை உருவிக்கொண்டே போக வேண்டும். துணி மாட்டினால் அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது என்று அர்த்தம். துணிக்கு முன்னால் என் விரல் மாட்டியதும் உண்டு.

படகுக்காரரை எல்லோரும் கேப்டன் என்போம். தேர்வுப் பந்தயத்துக்கு முன் கம்பிகளைக் கழற்றிவிட்டு, புதிதாக வந்த வெள்ளை இழைக் கயிற்றைப் போடச் சொன்னார். எடை கம்மி, வலு ஜாஸ்தி. பந்தயம் நல்லபடியாக முடிந்தால் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் அறையை ஏழுமலைக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அவன் மனைவி தனம் அப்போது மாசமாக இருந்தாள். எலவனாசூர்கோட்டையில் தன் அண்ணன் வீட்டில் அவள் தின்னும் சோறு இவன் தொண்டையில் நின்றது. அறை கைக்கு வருமுன்பே மிச்சக் கயிற்றை உத்திரத்தில் கட்டித் தூளிக்கு அளவு பார்த்தான், பைத்தியக்காரன்.

கேப்டன் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். இந்தக் கயிற்றில் முடிச்சு போடக் கூடாது, வழுக்கும். நுனியைக் கயிற்றுக்குள்ளேயே செருகிப் பின்ன வேண்டும். அப்படியே பின்னினோம். ஏழுமலைக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"மச்சான், முடிச்சு இல்லாம ஒரு கவுறு எப்புடி நிக்கும்? அவுந்துக்கினா என் வூடு போச்சுடா."

"அவருதான் சொன்னாருல்ல, வுடு."

அவன் விடவில்லை. எனக்கே பிற்பாடுதான் சொன்னான். பந்தயத்தன்று காலையில் ஒரு பக்கத்துப் பின்னலைப் பிரித்து, மோட்டாருக்குப் போடும் முடிச்சைப் போட்டு, ஊர் வழக்கப்படி விளக்கெண்ணெயும் தடவி, மேலே டேப் சுற்றிவிட்டான். எல்லாப் பின்னலுக்கும் டேப் சுற்றியிருந்ததால் யார் கண்ணுக்கும் படவில்லை.

கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். படகு மிதவையைச் சுற்றித் திரும்பியதும் பாய்மரம் சாய்ந்து தண்ணீரில் விழுந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேப்டன் திட்டவும் இல்லை. கயிற்று நுனியை எடுத்து முகர்ந்து பார்த்தார். "ரெண்டு பேரும் ஊருக்குப் போயிடுங்க" என்றார். ஏழுமலை தூளிக் கயிற்றை அவிழ்க்கக்கூடப் போகவில்லை. உளுந்தூர்பேட்டை வரும்வரை பஸ்ஸில், "நல்லதுக்குத்தான மச்சான் செஞ்சேன்" என்று அழுதுகொண்டே வந்தான்.

அந்தக் கோடையில் எங்கள் போரில் மோட்டார் இறக்கியவன் அவன்தான். பிறகு வேலை தேடிக் கிளம்பிப் போனான். கொஞ்ச நாள் கூப்பிட்டால் அவன் போனில் மணியாவது அடித்தது, அப்புறம் அதுவும் இல்லை. "எதுனா தெரிஞ்சிதாண்ணா?" என்று தனம் இன்றைக்கும் கேட்கிறாள். அவள் வருகிற பாதையில் போகவே எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்று மேலே வந்த மோட்டாரின் கழுத்தில் அவன் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. ஒரு நூல்கூட நகரவில்லை. மோட்டார்காரர் அவிழ்க்கப் பார்த்தார், முடியவில்லை. கத்தியை எடுத்தார்.

"அறுக்காதீங்க" என்றேன்.

"இன்னாத்துக்குங்க? கீழ தண்ணியே இல்லியே. இனிமே இத்த எங்க கட்டப் போறீங்க?"

அவர் அறுத்தார்.