மாமா தந்த மட்டிப்பழம்

ஆறு வயதில் எனக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது. இரண்டு மாதமாக இருமல், மாலையானால் காய்ச்சல், தோளில் நிற்காமல் நழுவும் பள்ளிச் சட்டை. கருங்கல் ஊர் டாக்டர் காசநோயோ என்று சந்தேகப்பட்டார். உறுதி செய்யச் சளி வேண்டும். நானோ வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தேன். விழுங்கியது வயிற்றில்தான் கிடக்கும், விடியற்காலையில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு எடுத்துவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

நர்ஸ் என் அம்மாவிடம் மூன்று விஷயங்கள் சொன்னார்: இரவு படுத்தபிறகு ஆகாரம் கூடாது, தண்ணீரும் கூடாது, குழாய் விடும்வரை பிள்ளை கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது. மூன்றையும் அம்மா காப்பாற்றினாள். தன் தம்பியைத்தான் கணக்கில் சேர்க்கவில்லை.

மாமா எங்கள் வீட்டிலிருந்தபடி கல்ஃப் விசாவுக்குக் காத்திருந்தார். அவர் மடிதான் எனக்கு நாற்காலி. அவருக்கும் இருமல் உண்டு. பீடி இருமல் என்பார். குழாய் விடவேண்டிய விடியற்காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர், அம்மா முகம் கழுவப் போனதும் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு மட்டிப்பழத்தை எடுத்தார்.

"தின்னு மக்கா. பல்லு முளைக்காத பிள்ளைக்கே குடுக்கதுல்லா, ஒண்ணும் ஆவாது."

எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கு முதலில் ஊட்டுவது அந்தச் சின்ன வாழைப்பழத்தைத்தான். அதை ஆகாரம் என்று யாரும் நினைப்பதில்லை.

குழாய் இறங்கும்போது நர்ஸின் கையைக் கடித்தேன். வந்ததெல்லாம் பழம்.

"ஏட்டி, இதுல சளிய எங்க போய்த் தேட? யாரு தந்தது?"

நான் காட்டிக்கொடுக்கவில்லை. மாமாவே ஒப்புக்கொண்டார். "பிள்ளைக்குப் பசிக்கும்லா சிஸ்டர். பாவம்."

"நாளைக்கும் குழாய் விடணும். அது பாவம் இல்லியா?"

மறுநாள் விடியுமுன்பே மாமா வாசலில் காவல் நின்றார். குழாயில் வந்த நீரில் அமிலத்தை முறிக்கும் மருந்தைக் கலந்து, கிருமியின் மரபணுவைத் தேடும் எந்திரத்துக்கு அனுப்பினார்கள். அந்த வேலையைத்தான் இன்று நான் ஓர் ஆய்வகத்தில் செய்கிறேன். மாலைக்குள் விடை வந்தது. காசநோய்தான்.

வீட்டில் வேறு யார் இருமுகிறார்கள் என்று டாக்டர் கேட்டார். அம்மா யோசிப்பதற்குள் நான் சொன்னேன்: "மாமா மட்டும்தான்."

அவரிடமும் சளி கேட்டார்கள். அவருக்குத் துப்பத் தெரியும்.

விசா போயிற்று. ஆறு மாதம் இருவரும் மாத்திரை தின்றோம். ஒருநாள் கேட்டேன், "எனக்க சீக்கு ஒட்டித்தான் ஒங்களுக்குப் பிளேன் போச்சா மாமா?"

மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிறு பிள்ளைகளுக்கு இந்த நோய் பெரும்பாலும் கூட இருந்து இருமும் பெரியவர்களிடமிருந்துதான் வரும் என்று டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தார். எனக்கு அது தெரியாது. என்மேல் மாமாவுக்குள்ள கோபம் தீரட்டும் என்று அன்று முழுக்க அவர் மடிப் பக்கமே போகவில்லை.