வுப்பர்டாலில் ஒரு சிந்திக் கச்சேரி

வுப்பர்டாலில் பேருந்து ஓட்டும் தங்கராசாவுக்கு மிருதங்கம் என்றால் உயிர். ஆனால் அவரை மேடைக்குக் கூப்பிட ஆளில்லை. பாடுகிறவருக்கு மூச்சு விடக்கூட இடம் கொடுக்காமல் வாசிப்பார் என்று பேச்சு. அதனால், கூட வேலை செய்யும் ஹரி மன்சுகானி, "சனிக்கிழமை எங்கள் வீட்டில் கச்சேரி, கட்டாயம் வா" என்று ஜெர்மனில் அழைத்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"சிந்திக்காரரும் கச்சேரி வைக்கிறவையோ? வடிவாக் கேட்டனீங்களோ?" என்றாள் மனைவி கலாதேவி.

"வேறை என்ன கச்சேரி? ஊரிலை கச்சேரி எண்டு சொல்லுற அரசாங்க அதிபரின்ரை கந்தோரையோ வீட்டுக்குள்ளை வைச்சிருக்கப் போறான்?"

பட்டு வேட்டி கட்டி, மிருதங்கத்தை மடியில் இருத்தி, தொங்கு ரயிலில் போய் இறங்கினார்.

ஹரி வீட்டில் மேடையும் இல்லை, வயலினும் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர் கம்பளத்தில் சம்மணமிட்டிருந்தார்கள். சிலர் தோளில் சிவப்பும் நீலமுமாக அச்சடித்த அஜ்ரக் சால்வை. வந்தவருக்கு முதலில் அப்பளமும் தண்ணீரும் கொடுப்பது சிந்திகளின் வழக்கம். ஹரியின் மனைவி ரஷ்மி அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டு விளக்கினாள்: "கச்சேரி என்றால் எங்கள் மொழியில் கூடியிருந்து கதை பேசுவது."

தங்கராசா மிருதங்கத்தை மெல்ல முதுகுக்குப் பின்னால் தள்ளினார்.

கதை சொல்கிறவருக்கு யாராவது உம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். அன்றைக்கு அந்த மரியாதை விருந்தாளிக்கு. ஹரி சிந்தியில் தொடங்கினான். ரஷ்மி பக்கத்தில் இருந்து ஜெர்மனில் கிசுகிசுத்தாள். சிந்து நதியில் ஒரு பல்லா மீன். ஆற்றின் நடுத்தீவில் இருக்கும் பீர் என்ற சூபி மகானைக் கும்பிட, வெள்ளத்தை எதிர்த்து நீந்துகிறது. கும்பிட்டால்தான் அதன் உடம்புக்கு வெள்ளி மினுக்கம் வரும்.

"ஓம்" என்றார் தங்கராசா.

எல்லோரும் பக்தியோடு கைகூப்பினார்கள். அடுத்த "ஓம்" இற்கு ஒருவர் கண்ணையும் மூடிக்கொண்டார். யாழ்ப்பாணத்தில் அதற்கு 'ஆமாம்' என்றுதான் அர்த்தம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மீன் பாதி வழி வந்தபோது செம்படவன் வலை வீசினான். மீன் வலைக்குள். அந்த நேரம் பார்த்து தங்கராசாவின் வாய் நிறைய அப்பளம். உம் வரவில்லை. ஹரி நிறுத்திவிட்டான். அறை முழுக்க அவரையே பார்த்தது. விழுங்கவும் ஏலாது, துப்பவும் ஏலாது. கை தானாகப் பின்னால் போய் மிருதங்கத்தை இழுத்து, 'தோம்' என்று ஒன்று போட்டது.

ஹரியின் முகம் மலர்ந்தது. மீன் துள்ளியது; தங்கராசா வாசித்தார். வலை கிழிந்தது, வாசித்தார். ஹரி மூச்சு வாங்கிய இடமெல்லாம் அவர் நிரப்பினார், அதையே அவன் விரும்பினான். மீன் தீவை அடைந்து வெள்ளியாக மினுங்கியபோது ஒரு முழுத் தனி ஆவர்த்தனமே வாசித்துவிட்டார். ஒருவரும் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. பல வருடமாக அவருக்கு இப்படி வேர்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் கலாதேவி கேட்டாள்: "கச்சேரி எப்பிடி?"

"பாட்டு ஒண்டுமில்லை. மீன் ஒண்டைக் கரை சேர்த்துப்போட்டு வாறன்."

அவள் பட்டு வேட்டியை மோந்து பார்த்தாள்.

இப்போது மாதந்தோறும் போகிறார். அவர் வராமல் ஹரி கதை தொடங்குவதில்லை. ஒருமுறை கலாதேவியும் கூடப் போனாள். இவ்வளவு தூரம் நீந்திய மீனுக்கு ஏன் பெயரில்லை என்று கேட்டு ஹரியை மடக்கினாள். இரண்டு பேரும் இன்னும் அதைப் பற்றித் தர்க்கப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள்.