இத்தாவில் இருந்தபோது பதிந்த வீடு

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பார். வீடில்லாத பெண்ணைக் கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள். கல்முனைக் கடற்கரையில் உம்மா எனக்குத் தந்த வீட்டை என் ஒரே மகளுக்கென்று வைத்திருந்தோம். சுனாமி அந்த வீட்டையும் என் கணவரையும் ஒன்றாகக் கொண்டுபோய்விட்டது.

அவருடைய மையித்தை அடக்கிய பிறகு நான் இத்தா இருந்தேன். நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. அகதிகளாக இருந்த பாடசாலையில், வகுப்பறை மூலையில் இரண்டு சேலையைக் கட்டி அதற்குப் பின்னால் என்னை இருத்தினார்கள்.

வீடு இழந்தவர்களைப் பதிய ஓர் அதிகாரி வந்தார். என் கூடப்பிறந்த காக்காதான் வெளியே நின்று கதைத்தார்.

"குடும்பத் தலைவர் யாரு?"

"மச்சான் மௌத்தாயிட்டார். தங்கச்சி இத்தாவில இரிக்கா."

"அப்ப அவங்க வந்து ஒப்பம் வைக்கணும்."

"எப்பிடி ஐயா வாற? எண்ட பேரப் போடுங்க. எல்லாம் ஒண்டுதானே."

பக்கத்துப் பாயில் இருந்த, வயதில் மூத்த அயல்வீட்டு ராத்தா என் தொடையில் இடித்தா. "கடல் உன்ட ஊட்டுக்குள்ள வரக்குள்ள பர்தா கேட்டா வந்த? எழும்பிப் பேரச் சொல்லு புள்ள!"

"சும்மா இருங்க ராத்தா" என்றேன். சேலைக்குப் பின்னால் இருந்தபடியே பேர் சொல்லியிருக்கலாம், அதில் குற்றமில்லை என்று பள்ளிவாசல் லெப்பை பிறகுதான் சொன்னார்.

வயல் பக்கமாகக் காக்காவின் பேரில் கல்வீடு ஒன்று கிடைத்தது. காக்கா கதவுத் திறப்பை என் கையில் தந்து அழுதார். அவரில் நான் பிழை சொல்லமாட்டேன்.

மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் உம்மா குசினியைப் பார்த்தா, கிணற்றை எட்டிப் பார்த்தா, நல்ல சந்தோசம். கடைசியில் வீட்டு உறுதிப் பத்திரத்தைக் கேட்டா. காக்கா கந்தோருக்கு ஓடினார். அரசாங்கம் கொடுத்த வீட்டை இப்போதைக்கு வேறு பேருக்கு மாற்ற ஏலாது என்று அனுப்பிவிட்டார்கள்.

"ஊடு மாமாடயாம், புள்ள உங்கடயாம்! நாங்க யாருட ஊட்டுக்கு எங்கட மகன அனுப்புற?" என்று சொல்லிவிட்டு அந்த மனுசி எழும்பிப் போனா. வைத்த தேத்தண்ணி அப்படியே இருந்தது.

அடுத்த நோன்புக்கு முன் மகள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அவள் அனுப்பியதில் அவள் பேரிலேயே ஒரு துண்டு வளவு வாங்கி, அத்திவாரம் போட்டோம்.

யுத்தம் முடிந்த அன்று பஜாரில் வெடி கொளுத்தினார்கள். பின்னேரம் அவள் போன் எடுத்தாள்.

"உம்மா, சண்டை முடிஞ்சிட்டாமே. இஞ்ச நம்மட ஊர்ப் புள்ளயளெல்லாம் போகப் போறாளுகளாம். நானும் வரட்டா?"

"சுவர் எழும்பிட்டு மகள். கூரைதான் இன்னும் போடல்ல."



"ஓம் உம்மா. அப்ப இன்னொரு ரெண்டு வருசம் நிண்டிட்டு வாறன்."

அவளுக்கு அப்போது முப்பது வயது முடிந்திருந்தது.